கட்டுபவரும் காப்பவரும் ஒரே கூரையின்கீழ்: சுற்றுச்சூழல், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் அமைப்பைப் படித்தறியும் முறை

சாலை, பாலம், அணை, இருப்புப்பாதை ஆகியவற்றைக் கட்டும் பொறுப்பும், காற்று, நீர், மண் ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பும் ஒரே அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள நாடுகள் சில உண்டு. இத்தகைய அமைச்சகத்துக்கு மனு எழுத வேண்டியவரும், அதன் திட்டமொன்றைப் பற்றிச் செய்தி எழுதுபவரும், அதனுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள விரும்புபவரும் முதலில் தேடுவது அதன் அமைப்பு வரைபடத்தைத்தான். அந்த வரைபடம் பொய் சொல்வதில்லை. ஆனால் யார் யாருக்குக் கீழ் இருக்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பணத்தை யார் செலவிடுகிறார், அனுமதியில் யார் கையெழுத்திடுகிறார், நிபந்தனை மீறப்பட்டால் யார் வந்து வேலையை நிறுத்துகிறார் என்பவற்றை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கட்டுகிற கையும் தடுக்கிற கையும் இந்த அமைச்சகத்தில் எந்தப் படிநிலையில் சந்திக்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், மற்ற விவரங்கள் பெரும்பாலும் தாமாகவே தத்தம் இடத்தில் வந்து பொருந்தும்.

வரைபடத்தைப் பிறகு திறக்கலாம். முதலில் படிக்க வேண்டியது, அமைச்சகத்துக்கு அதிகாரம் வழங்கிய சட்ட ஆவணம். இந்தியாவில் எந்த அலுவல் எந்த அமைச்சகத்துக்கு உரியது என்பதை 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் வரையறுக்கின்றன. பிரான்சில் அமைச்சர் பொறுப்பேற்றதும் அவருடைய அதிகார எல்லையைக் கூறும் ஆணை வெளியாகிறது. சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே அமைப்பு ஆணை இருக்கிறது. இந்த ஆவணங்களைப் படிக்கும்போது பெயர்ச்சொற்களைவிட வினைகளில் கண்ணை வைப்பது நல்லது. வகுத்தல், நிறைவேற்றுதல், அனுமதித்தல், மேற்பார்வையிடுதல், ஒருங்கிணைத்தல் என வரும் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு அதிகாரத்தைக் குறிப்பவை. ஒரு பொருளைப் பற்றி ‘ஒருங்கிணைத்தல்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், முடிவெடுக்கும் உரிமை வேறோர் இடத்தில் இருக்கிறது என்று ஐயுறலாம். என் அனுபவத்தில் அந்த ஐயம் பெரும்பாலும் வீண்போவதில்லை.

மேல்தட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சர் ஒருவர், அவருக்குத் துணையாக இணையமைச்சரோ துணையமைச்சரோ ஒருவர் அல்லது இருவர், அவர்களுக்கு அடுத்தபடியாக ஆட்சி மாறினாலும் தொடர்ந்து பணியாற்றும் தலைமைச் செயலர் நிலை அதிகாரி ஒருவர் என்பதே எங்கும் காணப்படும் வடிவம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அமைச்சருக்கும் துணையமைச்சருக்கும் இடையே அலுவல்கள் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன என்பது. சாலைகள் ஒருவரிடமும் சுற்றுச்சூழல் மற்றவரிடமும் இருந்தால், இரண்டுக்கும் இடையே எழும் பூசல் அரசியல் தளத்திலேயே பேசித் தீர்க்கப்படும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அது அதிகாரிகள் தளத்திலேயே தீர்ந்துவிடும். வெளியில் இருப்பவருக்கு அது தெரியாமலே போகவும் கூடும்.

கொள்கை எழுதுபவரும் மண் வெட்டுபவரும்

அடுத்த படிநிலையில் இயக்குநரகங்கள் வரிசையாக நிற்கும். நீர், போக்குவரத்து, வான்வழி, கடல்வழி, சுற்றுச்சூழல் என்று பெயர்கள் மாறினாலும் இவற்றில் பெரும்பாலானவை கொள்கை இயக்குநரகங்களே. சட்ட வரைவு எழுதுவது, நாடாளுமன்றக் கேள்விக்கு விடை தயாரிப்பது, நிதி கேட்பது, பிற அமைச்சகங்களோடு வாதிடுவது ஆகியவை இவற்றின் வேலைகள். இவர்கள் பாலம் கட்டுவதில்லை. கட்டுமானப் பணி செயற்படு முகமை, சட்டபூர்வ ஆணையம், அரசு நிறுவனம் ஆகிய மூன்று வடிவங்களில் ஒன்றிடம் இருக்கும். இம்மூன்றும் வரைபடத்தில் ஒரே மாதிரிப் பெட்டிகளாகத் தோன்றலாம்; ஆனால் அமைச்சர் நேரடியாக உத்தரவிடக்கூடியது முதலாவதற்கு மட்டுமே. இரண்டாவதற்கு அவர் அதன் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் வழிகாட்டலாம். மூன்றாவதில் அவர் பங்குதாரராகவே பேச முடியும்.

நெதர்லாந்து இதற்கு நல்ல பாடம். அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளையும் முதன்மை நீர்வழிகளையும் பராமரிக்கும் ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் என்ற அமைப்பு 1798இல் தொடங்கியது. அதற்கு மேலே அமைச்சகங்கள் எத்தனையோ முறை பெயர் மாறின, இணைந்தன, பிரிந்தன. அது மட்டும் நிலைத்து நிற்கிறது. 2006 முதல் அது தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் முகமையாக இயங்குகிறது. ஆனாலும் அமைச்சகத்தின் உறுப்பாகவே நீடிக்கிறது. இருப்புப்பாதை வலையமைப்போ புரோரெயில் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. ஆகவே அதே அமைச்சரிடம் சாலையைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கும் இருப்புப்பாதையைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கும் ஒரே மாதிரி விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

செயற்படு முகமை எவ்வளவு பழமையானதோ, எவ்வளவு பொறியாளர்களைக் கொண்டதோ, அந்த அளவுக்கு அதன் சொல் கொள்கை இயக்குநரகத்தின் சொல்லைவிட எடை கூடியதாக இருக்கும். எந்த வரைபடமும் இந்த எடையைக் காட்டுவதில்லை. ஆட்களின் எண்ணிக்கையையும் வரவுசெலவுத் தொகையையும் பெட்டிக்குப் பெட்டி குறித்து வைத்துப் பார்த்தால்தான் அது புலப்படும்.

தடுக்கும் கை எங்கே இருக்கிறது

கட்டுமானத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் ஒரே அமைச்சகத்தில் இருப்பதை ஆதரிப்பவர்கள், திட்டம் தாளில் இருக்கும்போதே சூழல் நோக்கும் அதில் கலந்துவிடும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், தன் திட்டத்துக்குத் தானே அனுமதி வழங்குபவர் எப்படி நடுநிலையாளராக இருக்க முடியும் என்று கேட்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால் அமைச்சகம் ஒன்றா இரண்டா என்பதைவிட, உள்ளே சுவர் எங்கே எழுப்பப்பட்டிருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

இக்கேள்வியை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011 அக்டோபரில் சீபோர்ட் வழக்கில் நேரடியாகச் சந்தித்தது. வடக்கு அயர்லாந்தின் சுற்றுச்சூழல் துறை நிலப்பயன்பாட்டுத் திட்டங்களைத் தயாரித்துவந்தது; அத்திட்டங்களின் சூழல் விளைவுகளைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட வேண்டிய அமைப்பாக நியமிக்கப்பட்டிருந்ததும் அதே துறை. இதற்காகப் புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் அத்துறைக்குள்ளேயே கருத்துரைக்கும் பிரிவுக்கு உண்மையான தன்னாட்சி இருக்க வேண்டும் என்றும், அதற்குச் சொந்தமாக நிர்வாக வசதியும் ஆட்களும் இருக்க வேண்டும் என்றும் கூறியது. பின்னர் 2014இல் திருத்தப்பட்ட சூழல் தாக்க மதிப்பீட்டு நெறியும், அனுமதி வழங்கும் அமைப்பே திட்டத்தை முன்வைப்பதாகவும் இருந்தால் முரண்படும் பணிகளை உள்ளுக்குள் தக்கவாறு பிரித்து வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. பிரான்சில் மண்டல ஆட்சித்தலைவர் ஒருவரே திட்டத்துக்கு அனுமதி தருபவராகவும், அதன் சூழல் அறிக்கையைப் பற்றிக் கருத்துக் கூறுபவராகவும் இருக்க வழிசெய்த விதியை அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2017 டிசம்பரில் நீக்கியது.

இத்தீர்ப்புகள் நம் கையில் ஓர் அளவுகோலைத் தருகின்றன. சூழல் அனுமதிப் பிரிவின் தலைவரை நியமிப்பவர் யார், அவரை இடமாற்றம் செய்யக்கூடியவர் யார், அவருடைய பிரிவுக்கான நிதி எந்தத் தலைப்பில் வருகிறது, அவருடைய கருத்து எழுதப்பட்ட வடிவிலேயே வெளியாகிறதா, அல்லது மேலதிகாரி ‘திருத்திய’ பிறகு வெளியாகிறதா என்பவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சுவர் மெல்லியதாக இருந்தால் இந்த நான்கில் ஏதேனும் ஒன்றின் வழியே அது தெரிந்துவிடும்.

சுவர் எழுப்பப்பட்ட கதைகளில் பல விபத்துக்குப் பிறகு வருபவை. ஜப்பானில் அணு உலைகளைக் கண்காணித்த அமைப்பு, அணுமின்சாரத்தை ஊக்குவித்த பொருளாதார, வணிக, தொழில் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. 2011இல் ஃபுகுஷிமா நிகழ்ந்தபின், 2012 செப்டம்பரில் அப்பணி புதிய ஒழுங்குமுறை ஆணையத்திடம் சென்றது. அந்த ஆணையம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. அமெரிக்காவில் கடலடி எண்ணெய்க்கான குத்தகை வழங்குவது, அதற்கான கட்டணத்தை வசூலிப்பது, பாதுகாப்பைச் சோதிப்பது ஆகிய மூன்றையும் ஒரே அலுவலகம் செய்துவந்தது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த வெடிப்புக்குப் பிறகு அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து விபத்துக்காகக் காத்திருக்கவில்லை. எரிசக்தி அலுவலகத்துக்குள் இருந்த அணுப் பாதுகாப்புப் பிரிவை 2009 ஜனவரி முதல் தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் கண்காணிப்பு அமைப்பாக மாற்றி, அதற்கு மேலே தனி மேற்பார்வைக் குழுவையும் வைத்தது.

ஆய்வாளர்களின் இடத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் வீட்டுவசதி, சூழல் ஆய்வுத் துறையும் போக்குவரத்து, நீர் ஆய்வுத் துறையும் 2012இல் ஒன்றாக்கப்பட்டன. இந்த ஆய்வுத்துறை அமைச்சகத்துக்கு உட்பட்டதே என்றாலும், கொள்கை எழுதும் இயக்குநரகங்கள் எதன் கீழும் அது வருவதில்லை. வரைபடத்தில் ஆய்வுத்துறையிலிருந்து மேலே செல்லும் கோடு எந்தப் பெட்டியில் போய் முட்டுகிறது என்று பாருங்கள். சாலை இயக்குநரகத்தில் முட்டினால், அந்த ஆய்வின் முடிவை ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை.

ஒரு கோப்பின் பின்னால் நடந்து பார்த்தல்

இவ்வளவும் தெரிந்த பிறகும் அமைச்சகம் பிடிபடாமல் போகலாம். அப்போது நான் பரிந்துரைக்கும் வழி, முடிந்துபோன ஒரு திட்டத்தின் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை பின்தொடர்வது. எடுத்துக்காட்டாகச் சுவிட்சர்லாந்தைக் கொள்வோம். அங்கே சுற்றுச்சூழல், போக்குவரத்து, எரிசக்தி, தகவல்தொடர்பு ஆகியவை ஒரே கூட்டாட்சித் துறையில் இருக்கின்றன. அத்துறையின் கீழ் இடத்திட்டமிடல், பொதுப் போக்குவரத்து, வான்வழி, எரிசக்தி, சாலைகள், தகவல்தொடர்பு, சுற்றுச்சூழல் என்று ஏழு கூட்டாட்சி அலுவலகங்கள் உள்ளன.

தேசிய நெடுஞ்சாலை ஒன்றை விரிவாக்க வேண்டுமானால் அதை முன்வைப்பது சாலைகள் அலுவலகம். அதன் பொதுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது அமைச்சரவை. விரிவான வரைபடங்கள் மக்கள் பார்வைக்கு 30 நாட்கள் வைக்கப்படுகின்றன. பாதிக்கப்படுபவர்கள் அக்காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சுற்றுச்சூழல் அலுவலகம் தன் கருத்தை எழுதுகிறது. இறுதியில் கட்டுமான அனுமதியை வழங்குவது சாலைகள் அலுவலகம் அல்ல, அதற்கு மேலே உள்ள துறையே. முன்வைத்தவரும் அனுமதிப்பவரும் ஒரே துறைக்குள் இருந்தாலும், இருவருக்கும் இடையே ஒரு படி இடைவெளி வைக்கப்பட்டிருப்பதை இங்கே காணலாம்.

சாலைகள் அலுவலகமும் சுற்றுச்சூழல் அலுவலகமும் உடன்படாவிட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலான நாடுகளில் இதற்கு விடை எழுதப்படாத வழக்கத்தில் இருக்கும். சுவிட்சர்லாந்தில் அது சட்டத்திலேயே இருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்புடைய அமைப்பு 30 நாட்களுக்குள் மற்ற அமைப்புகளை அழைத்துப் பேச வேண்டும். உடன்பாடு ஏற்பட்டால் அது அந்த அமைப்பைக் கட்டுப்படுத்தும். ஏற்படாவிட்டால் முடிவெடுக்கும் அமைப்பே தீர்மானிக்கும். ஒரே துறையின் அலுவலகங்களுக்கு இடையே பெரிய கருத்து வேறுபாடு இருந்தால், மேலே உள்ள மேற்பார்வை அமைப்பு எப்படித் தீர்மானிக்க வேண்டும் என்று பணிக்கும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த ஒரு வரி அதே பிரிவில் இருக்கிறது: முடிவுக்கான காரணங்களை எழுதும்போது, மாறுபட்ட கருத்துகளையும் குறிப்பிட வேண்டும். தோற்றுப்போன அலுவலகத்தின் வாதமும் அதனால் தாளில் தங்கிவிடுகிறது. கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்பவர் அதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் வகுத்த தகுதிகளை உடைய சூழல் அமைப்புகளுக்கும் அந்த மேல்முறையீட்டு உரிமை உண்டு.

அமைச்சகங்கள் தனித்தனியாக இருக்கும் நாட்டிலும் இந்த வழி உதவும். இந்தியாவில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வேறு, சுற்றுச்சூழல் அமைச்சகம் வேறு. 2006 செப்டம்பரில் வெளியான சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ‘அ’ வகைத் திட்டங்களுக்கு மத்திய அமைச்சகமும் ‘ஆ’ வகைத் திட்டங்களுக்கு மாநில அளவிலான ஆணையமும் முன் அனுமதி வழங்குகின்றன. இரு நிலைகளிலும் வல்லுநர் குழு ஒன்று கோப்பை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. சுவர் இங்கே இரு அமைச்சகங்களுக்கு இடையில் இருக்கிறது. ஆகவே அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளே முதலில் படிக்க வேண்டியவை. யார் என்ன கேள்வி கேட்டார், எந்தக் கூட்டத்தில் முடிவு ஒத்திவைக்கப்பட்டது, எந்த நிபந்தனை பின்னர் தளர்த்தப்பட்டது என்பவை அவற்றில் இருக்கும்.

பணம் செல்லும் வழியையும் கோப்போடு சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். சாலைகளுக்கும் அணைகளுக்கும் பல ஆண்டுகளுக்கான தனி நிதியம் இருந்து, சூழல் பணிகளுக்கு ஆண்டுதோறும் கேட்டுப் பெறும் ஒதுக்கீடு மட்டுமே இருந்தால், அமைச்சகத்தின் பெயரில் எந்தச் சொல் முன்னால் நின்றாலும் நடைமுறையில் முன்னால் நிற்பது எது என்பது விளங்கும். நெதர்லாந்தில் வெள்ளப் பாதுகாப்புக்கும் நன்னீருக்கும் டெல்டா நிதியம் என்று தனியே ஒன்று உண்டு. அதன் செலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் முன்மொழிய அரசால் நியமிக்கப்பட்ட டெல்டா ஆணையரும் உண்டு. வழக்கமான படிநிலையில் இவருக்கு இடமில்லை. ஆயினும் நீர் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்வியிலும் இவரைத் தவிர்த்துவிட முடியாது.

சட்டம், நிதி, பணியாளர், தகவல் தொழில்நுட்பம் ஆகிய பொதுப் பிரிவுகள் எல்லா அமைச்சகங்களிலும் ஒரே மாதிரி இருப்பவை. அவற்றில் நேரம் செலவிடத் தேவையில்லை. அறிவியல் அமைப்புகளுக்கு அந்தச் சலுகையைத் தர இயலாது. வானிலை மையம், நீரியல் ஆய்வகம், சூழல் மதிப்பீட்டு நிறுவனம் போன்றவை தரும் எண்களின் மேல்தான் கட்டுபவரும் காப்பவரும் நின்று வாதிடுகிறார்கள். 1854இல் தொடங்கிய நெதர்லாந்தின் வானிலை நிறுவனம் அந்நாட்டின் உள்கட்டமைப்பு அமைச்சகத்துக்குள் இருக்கிறது. ஜப்பானில் வானிலை முகமை உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கணிப்பை வெளியிடும் முன் அமைச்சரின் ஒப்புதல் வேண்டுமா, தரவுகள் நேரடியாக மக்களுக்குக் கிடைக்கின்றனவா என்ற இரண்டையும் விசாரித்தால் போதும்.

வரைபடத்தின் தேதி

கடைசியாகச் சொன்னாலும் முதலிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கையில் இருக்கும் வரைபடம் எந்த ஆண்டுக்குரியது என்று பார்ப்பது. இத்தகைய அமைச்சகங்கள் அடிக்கடி சேர்ந்து பிரிபவை. பிரிட்டனில் வீட்டுவசதி, பொதுக் கட்டுமானம், போக்குவரத்து ஆகியவற்றை இணைத்து 1970இல் சுற்றுச்சூழல் துறை உருவாயிற்று; 1976இல் போக்குவரத்து விலகிச் சென்றது; 1997இல் மறுபடியும் இணைந்தது; 2001இல் மீண்டும் பிரிந்தது. நெதர்லாந்தில் 2010 அக்டோபரில் உருவான உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் பெயர் மாறியது. காலநிலைக் கொள்கை பொருளாதார அமைச்சகத்துக்குச் சென்றது.

இயற்கைப் பாதுகாப்போ அங்கே வேளாண்மை அமைச்சகத்தில் இருந்தது. 2019 மே மாதத்தில், இயற்கைப் பகுதிகளைப் பாதிக்கும் நைட்ரஜன் உமிழ்வு தொடர்பான அனுமதி முறையை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, ஏராளமான கட்டுமானத் திட்டங்கள் நின்றுபோயின. உமிழ்வைக் குறைத்துக் கட்டுமானத்துக்கு இடம் உண்டாக்குவதற்காக 2020 மார்ச் முதல் நெடுஞ்சாலைகளில் பகல்நேர வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. வேளாண்மை அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்த ஒரு பிரச்சினைக்குச் சாலை அமைச்சகம் விலை கொடுத்தது. எவ்வளவு பெரிய கூரை போட்டாலும் ஏதோ ஒரு மூலை வெளியே நிற்கும்; அந்த மூலை எந்த அமைச்சகத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாநிலங்கள், நகராட்சிகள், நெதர்லாந்தின் 21 நீர் வாரியங்களைப் போலத் தமக்கென வரி விதிக்கும் உரிமையுடைய உள்ளூர் அமைப்புகள் ஆகியவையும் இதே குறிப்பில் இடம்பெற வேண்டும்.

மனு எழுதப் போகிறவருக்கு இந்தக் குறிப்பு நேரடியாகவே பயன்படும். திட்டமே வேண்டாம் என்று சொல்வதானால் அதைக் கொள்கை இயக்குநரகத்துக்கும் அமைச்சருக்கும் எழுத வேண்டும். பாதையை மாற்றக் கோருவதானால் ஆட்சேபக் காலத்துக்குள் அனுமதி வழங்கும் அமைப்புக்கு எழுத வேண்டும். நிபந்தனை மீறப்படுகிறது என்றால் தேதி, இடம், புகைப்படம், அனுமதி ஆணையின் எண், மீறப்பட்ட நிபந்தனையின் எண் ஆகியவற்றோடு ஆய்வுத்துறைக்கு எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சேர்த்து அமைச்சருக்கு அனுப்பினால், அது பொதுப் பிரிவில் எண்ணிடப்பட்டு, ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு திட்டத்தை முன்வைத்த அதே முகமையின் மேசையில் போய் உட்காருவதற்கே வாய்ப்பு அதிகம்.